சவளக்கடை வயலில் கிடைத்த காளைக் குடுவை

காலை ஒன்பது மணிக்குக் கல்முனையில் ஓட்டோ பிடித்தேன். சவளக்கடை போய்வர இரண்டாயிரம் ரூபாய், ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். மடியில் இரண்டு வயது மகள். பையில் சுடுநீர்ப் போத்தலும் அவளுடைய றப்பர் மாடும். வெயிலில் பிள்ளையைக் கொண்டுவந்தது பிழையோ என்று கிட்டங்கிப் பாலம் வரை யோசித்துக்கொண்டே போனேன்.

"வயல் பாக்கவா தங்கச்சி?" ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "அந்தப் பக்கம் யாரோ புதையல் எடுத்தாங்களாம்."

"எனக்கு ஒண்டும் தெரியா."

தெரியும். அந்த வயல் என் சீதனக் காணி. அதைக் குத்தகைக்குச் செய்யும், அண்ணன் போன்ற ஹனீபா காக்கா, வாய்க்கால் வெட்டும்போது கிடைத்த மண் குடுவையை முதல்நாள் படமெடுத்து அனுப்பியிருந்தார். திமில் வைத்த காளை. முதுகில் ஊற்ற ஒரு துளை, வாயில் வடிய ஒரு துளை. பழங்காலத்தில் ஏதோ சடங்குக்குச் செய்ததாக இருக்கும். படத்தைப் பார்த்த உம்மா, "கெதியாப் போ. அவன் வித்துப்போட்டானெண்டா இந்தப் போகத்தோட காணிய வேற ஆளுக்குக் குடு" என்றார்.

வயலோரத்து வீட்டில் காக்கா சாக்கை விலக்கிக் குடுவையைக் காட்டினார். தலை இல்லை. உடம்பெல்லாம் கறுத்திருக்க, கழுத்தின் உடைவு மட்டும் செங்கல் நிறத்தில் புதிதாக இருந்தது.

"தலை எங்க காக்கா? நேத்துப் படத்தில இருந்திச்சே."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார். விற்றுவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"நான்தான் உடைச்ச" என்றார் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுபவர். "தொழுற வீட்டுல உருவத்த வெச்சா வானத்து மலக்குமார் வருவாங்களா? தலைய எடுத்தா அது வெறும் சட்டிதானே."

கோழிக்கூட்டுக்குக் கூட்டிப்போனார். வைக்கோலுக்குள், சொப்பிங் பையில் தலை. கழுத்தோடு வைத்துப் பார்த்தேன், பொருந்தியது.

"விக்கிற ஆளெண்டா உங்களுக்குப் படம் அனுப்பியிருப்பனா புள்ள?" காக்கா குரலை உயர்த்தவில்லை. தலையைக் குடுவையோடு சாக்கில் வைத்தேன்.

பிரதேச செயலகத்தில் சொல்ல வேண்டும் என்றேன்.

"சொல்லுங்க. தோண்டிப் பாக்கணுமெண்டு வயல மறிச்சிட்டாங்கெண்டா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. "மறிச்சாப் பாப்பம். மறிக்காட்டி நீங்கதான் விதைக்கணும்."

இதற்குள் மகள் பையிலிருந்து றப்பர் மாட்டை எடுத்துவிட்டாள்.

"அல்லாஹ், இதுக்கும் தலை இரிக்கே!" என்று மதினி கையை நீட்டினார். பதறிப் பிடுங்கிப் பையில் போட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

திரும்பும் வழியில் ஓட்டோக்காரர் என் பையையே பார்த்தார். "பை கனக்குதா தங்கச்சி?" திறந்து காட்டினேன். போத்தல், மாடு. அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வர ளுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. தொழுகைப் பாயான முசல்லாவை விரித்துவிட்டு, உருவம் எதிரே இருக்கக்கூடாதென்று வழக்கம்போல் றப்பர் மாட்டை அலுமாரித் தட்டில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். கை அங்கேயே நின்றது. மதினிக்கு இப்படிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கத் தோன்றவில்லை, உடைத்துவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.