பீரோக்காரரின் வலது கால்

வீடு மாற்றித் தருகிறவர்கள் வட்டாரத்தில் அவருக்குப் பெயர் பீரோ. ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஒல்லி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருக்கும். ஆனால் லிஃப்ட் இல்லாத மாடிக்கு இரும்பு பீரோ ஏற வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். படிக்கட்டில் சாமானை மேலே ஒருவரும் கீழே ஒருவருமாகப் பிடிப்பார்கள். மேலாள் வழி சொல்வார், கீழாள் பாரம் தாங்குவார். இவர் வாழ்நாள் முழுக்கக் கீழாள். "அவனுக்கு வாய் வலிக்கும், எனக்குத் தோள் வலிக்கும், வேற ஒண்ணும் வித்தியாசமில்ல" என்பார்.

படியேற அவருக்கென்று ஒரு முறை உண்டு. வலது காலை மேல்படியில் ஊன்றி, மொத்த எடையையும் அதில் வாங்கி, தம் பிடித்து எழும்புவார். அப்புறம்தான் இடது கால் வந்து பக்கத்தில் நிற்கும். அடுத்த படிக்கும் வலதுதான். காலை மாற்றிப் போட்டால் பீரோ ஆடும், ஆடினால் சுவரில் இடிக்கும், இடித்தால் வீட்டுக்காரர் முகம் கோணும். ஆக, காலமெல்லாம் வலது கால் உழைத்தது. இடது கால் கூட வந்தது. "இது மாப்பிள்ளைக் கால். கூடவே வரும், ஒரு துரும்பைத் தூக்கிப் போடாது" என்று, வீட்டில் மாப்பிள்ளை இன்னும் வராத தைரியத்தில் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய ஒரே மகள் கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கம்ப்யூட்டரில் நாள் பூராவும் படிக்கட்டு வரைகிறவள். அப்பா படிக்கட்டில் என்ன பாடு படுகிறார் என்பதை மட்டும் பார்த்ததில்லை. ஒருநாள் அளவெடுக்கப் போன பழைய குடியிருப்பில் பார்த்துவிட்டாள். மாடித் திருப்பத்தில் ஒரு மர அலமாரி ஏறாமலும் இறங்காமலும் நின்றது. அதன் அடியில் அப்பா. முகம் கன்றிப் போயிருந்தது, கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அளவு நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டில் ஒரே ரகளை.

"நான் சம்பாதிக்கிறேன்ல? இனிமே நீங்க ஒரு ஸ்பூனைக்கூடத் தூக்கக் கூடாது."

"ஸ்பூனைத் தூக்கலைன்னா சோறு யாரும்மா ஊட்டுவா?"

"நான் ஊட்டுறேன். பேசாம உட்காருங்கப்பா."

அம்மாவும் மகள் பக்கம் சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்தால் அந்த வீட்டில் அவர் பருப்பு வேகாது. உட்கார்ந்தார்.

மகள் சும்மா இருக்கவில்லை. படியே வேண்டாமென்று தரைத்தளத்தில் வீடு பார்த்தாள். சாமான் தூக்க வேறு ஆட்கள் வந்தார்கள், அப்பா வாசலில் நின்று "டேய், காலை மாத்தாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பட்டனை அழுத்தினால் காலைத் தானே தூக்கிவிடும் சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டாள். தண்ணீர் கைக்கு வந்தது, டீ கைக்கு வந்தது. கடைக்குப் போகிறேன் என்று எழுந்தால் செருப்பை ஒளித்துவைத்தார்கள். இப்படி ஒரு மகள் யாருக்கு வாய்க்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிகரெட்டை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை.

சில மாதங்களில் இடது கெண்டைக்கால் வலிக்க ஆரம்பித்தது. நடந்தால் பிடித்து இழுக்கும், நின்றால் விட்டுவிடும். முதலில் தெருக்கோடி வரை போக முடிந்தது. பிறகு நான்காவது வீடு. பிறகு வாசல் கேட்.

"பார்த்தீங்களா? அத்தனை வருஷம் சுமந்தது இப்பத்தான் வேலையைக் காட்டுது" என்று மகள் இன்னொரு தலையணையை வைத்தாள். வலிக்க வலிக்க ஓய்வு, ஓய்வெடுக்க எடுக்க வலி. பாதம் சில்லிட்டுப் போனதை அம்மா தொட்டுப் பார்த்துப் பதறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் மகளுக்கு ஒரே பயம்தான். காலை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ?

ரத்தக்குழாய் டாக்டர் நடுவயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். ஸ்கேன் கருவியை இடது தொடையில் வைத்துப் பார்த்தார். "குழாய் சுருங்கியிருக்கு" என்றார். பிறகு வலது கால். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கருவியை மாற்றச் சொன்னார். பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள், அப்பாவைப் பார்த்தார்கள்.

"இந்தக் கால் வலிக்கலையா?"

"இது நல்ல கால் டாக்டர். இதுதான் எல்லாத்தையும் தூக்கினது."

"இதோட பெரிய குழாய் முழுசா அடைச்சிருக்குங்க. நேத்து இன்னிக்கு இல்ல, பல வருஷமா."

மகளுக்குக் காது அடைத்தது. அடைத்த காலோடா? அந்த மர அலமாரியை, அத்தனை பீரோக்களை, ரத்தம் போகாத காலிலா ஏற்றினார்?

"ரத்தம் போகுதும்மா" என்று டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "மெயின் ரோட்டை மூடினா வண்டியெல்லாம் சந்துல பூந்து போகும்ல? அப்படி. தசைக்குப் பாரம் ஏத்த ஏத்த அது ரத்தம் கேட்கும். கேட்கக் கேட்க உள்ளே பொடிக்குழாய்கள் புதுசா முளைக்கும். அடைப்பைச் சுத்திப் போற சின்னக் குழாயும் அகலமாகும். எல்லாருக்கும் இந்த அளவு ஆகாது. வேலைதான் முழுக் காரணம்னு நான் அடிச்சுச் சொல்லவும் மாட்டேன். ஆனா இந்தக் கால் நல்லாப் பழகின கால். இடது கால் அப்படிப் பழகல."

"பெரிய பயில்வான்னு நினைச்சுக்காதீங்க" என்று அப்பாவிடம் திரும்பினார். "உங்க முதுகெலும்பைக் கேட்டா அது வேற கதை சொல்லும். சிகரெட்டை இன்னிக்கே விடணும். இப்ப வேலைக்குப் போறீங்களா?"

"இல்லீங்க. வீட்ல ராஜா மாதிரி வெச்சிருக்காங்க."

"அதான் சிக்கல். முளைச்ச பொடிக்குழாய் தசையை நம்பித்தான் இருக்கு. உட்கார்ந்தா தசை இளைக்கும், அதுவும் குறையும். வலது கெண்டை ஏற்கெனவே இளைச்சிருக்கு. இப்படியே போனா ரெண்டு காலுக்கும் ஆபத்து. யார் உங்களை இவ்வளவு உட்கார வெச்சது?"

அப்பா சட்டென்று, "நானேதான் டாக்டர், சோம்பேறித்தனம்" என்றார். மகளுக்கு அதுதான் தாங்கவில்லை. "நான்தான் டாக்டர்" என்றாள். "செருப்பைக்கூட ஒளிச்சு வெச்சேன்."

டாக்டர் திட்டவில்லை; மாத்திரை எழுதினார். உடற்பயிற்சி அறையில் ஆள் பார்த்துக்கொள்ள, சிறிய எடை வைத்துக் காலைப் பழக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார். "வலிக்கும். நல்லா வலிக்கிற வரைக்கும் நடக்கணும், நின்னு வலி விட்டதும் திரும்ப நடக்கணும். கூட இருக்கிறவங்களுக்குத்தான் இது கஷ்டம்."

மறுநாளே பயிற்சி அறைக்குப் போனார்கள். பச்சைச் சட்டை போட்ட பயிற்சிக்காரப் பெண் கணுக்காலில் ஒரு மணல் பையைக் கட்டினாள். பீரோ அதைக் கையால் எடை பார்த்துவிட்டு, "இதென்னம்மா, மிளகாய்த்தூள் பாக்கெட்டா?" என்றார். நாலைந்து முறை தூக்கியதும் தொடை வெடவெடவென்று நடுங்கியது. சிரிப்பு நின்றுபோனது. அவர் தன் காலையே யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பிறகு வராந்தாவில் நடை. ஜன்னல் ஓரமாக வரிசையாக நாற்காலிகள் கிடந்தன. பாதி வராந்தா தாண்டியதும் அப்பாவின் உதடு மடிந்தது, கை சுவரைத் தேடியது. நெற்றியில் வியர்வை. மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவளுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான், இத்தனை மாதமாகச் சொல்லிப் பழகிய ஒரே வார்த்தை. 'உட்காருங்கப்பா' நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் நடங்கப்பா" என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் கொட்டியது.

"அடிப்பாவி" என்றார் அப்பா, மூச்சு வாங்க. சுவரிலிருந்து கையை எடுத்தார்.