இருபத்தொன்பதாம் நோன்பின் பஸ்

புத்தளம் பஸ் காலை ஆறே முக்காலுக்கு மறிச்சுக்கட்டிச் சந்திக்கு வரும் என்பார்கள். ஏழேகாலுக்கு வந்தது. அன்று நோன்பு இருபத்தெட்டு. என் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பச்சை நிலத்தில் வெள்ளைப் பூப்போட்ட மூன்று சல்வார்கள், மூன்றும் ஒரே துணி, மூன்றும் நான் தைத்தவை. ஒன்று எனக்கு, ஒன்று தில்லையடியில் இருக்கும் நஸ்ரினுக்கு, மற்றது கற்பிட்டியில் கலியாணம் முடித்துப் போன ஃபரீனாவுக்கு.

சந்திவரை சைக்கிளில் கொண்டுவந்து விட்ட என் கணவர் இரண்டு தடவை சொன்னார்.

"நாளைக்கு ரெண்டரை பஸ்ஸை விட்டிராத. பின்னேரம் பிறை கண்டாங்களெண்டா விடிய பெருநாள். பிள்ளையள் உம்மா இல்லாம நிக்கும்."

சொன்னது நியாயம். புத்தளத்துக்கும் எங்களுக்கும் நடுவில் காடு. இருட்டினால் அந்தப் பாதையைப் பூட்டிவிடுவார்கள். பெருநாளன்று பஸ் ஓடினால் அது அதிசயம். இருபத்தொன்பதாம் நோன்பன்று பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் பிறை பார்ப்பார்கள். பஸ்ஸோ அதற்கு நாலு மணித்தியாலம் முந்தியே புறப்பட்டுவிடும். ஆகவே பிறை தெரியுமா தெரியாதா என்று தெரியாமலே நான் திரும்பிவிட வேண்டும். ஒரு இரவும் அரைப் பகலும்தான் எனக்கு. அதற்காகவா இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்குச் சிநேகிதிகள் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மறிச்சுக்கட்டியிலிருந்து எலுவன்குளம்வரை ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர், முழுக்கச் செம்மண். ரிக்கற் நூற்று முப்பது ரூபாய். பஸ் குலுக்கிய குலுக்கலில் விடியமுன் சஹருக்குத் தின்ற சோறு தொண்டைவரை வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. இரண்டு பக்கமும் பாலை மரமும் வீரை மரமும். சோளகக் காற்று புழுதியை வாரி உள்ளே எறிந்துகொண்டிருந்தது. கொண்டக்டர் வண்ணாத்திவில்லுப் பக்கத்துச் சிங்களப் பொடியன், எங்கள் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவான்.

"ராத்தா, பெருநாள் எப்ப?"

"நாளைக்குப் பிறை கண்டா நாளண்டைக்கு. காணாட்டி அதுக்கு அடுத்த நாள்."

"அப்ப லீவு எப்பிடிப் போடுற? எங்கட அவுருது வருசப்பிறப்புக்கு அடுப்பு மூட்டுற நேரமும் முன்னுக்கே நிமிசக் கணக்கில சொல்லிருவாங்களே!"

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் கேட்ட கேள்விதான் வழி முழுக்க என் மண்டைக்குள் ஓடியது.

கலா ஓயாவைத் தாண்டி, வண்ணாத்திவில்லுத் தென்னந்தோப்புகளைக் கண்டதும் என் நெஞ்சு இலேசானது. இதை வெளியே சொன்னால் ஊரில் கோபிப்பார்கள். தொண்ணூறாம் ஆண்டு புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் துரத்தியபோது எனக்கு ஆறு வயது. தில்லையடியில் கிடுகுக் கொட்டிலில் வளர்ந்தேன், படித்தேன், தையல் பழகினேன், கலியாணமும் முடித்தேன். அங்கே எங்களை அகதி என்றார்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தில் சொந்த ஊருக்கு வந்தோம். காணி எங்களுடையது, குளம் எங்களுடையது. ஆனால் நான் சின்னப் பிள்ளையாய் இருந்ததைக் கண்ட சிநேகிதி ஒருத்திகூட அங்கே இல்லை. எனக்குப் புத்தளம் வேண்டியிருந்தது. பசி மாதிரி வேண்டியிருந்தது.

தில்லையடியில் நஸ்ரினின் வீட்டு முற்றத்தில் ஒரு அலுமாரி கயிறு கட்டி நின்றது. உள்ளே சாக்குகளும் பெட்டிகளும். யாழ்ப்பாணத்தில் அவளுடைய மாமனாரின் உடைந்த வீட்டைத் திருத்தியாயிற்று. பெருநாள் முடிந்த கையோடு லொறி வருகிறது. இனி மூன்று பேரும் மூன்று மூலை. இந்த வருடம் சேராவிட்டால் எந்த வருடம்?

"மூணு வயசில வந்தனான்டி," என்றாள் நஸ்ரின். "அங்க எனக்கு ஒரு கதவு நிலைகூட ஞாபகமில்ல. நீ போய் இருக்கிறாய்தானே, சொல்லு. எப்பிடி இருக்கும்?"

"கிணத்துத் தண்ணி நல்லம்," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நாங்கள் கற்பிட்டி பஸ் ஏறினோம்.

பாலாவிச் சந்தியில் திரும்பியதும் உப்பு வாய்க்கால்கள். பிறகு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைக்கூடு, வெங்காயப் பாத்திகள், காற்றுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்த தென்னைகள். வலது பக்கம் களப்பு வருகிறது, மறைகிறது, திரும்ப வருகிறது. கற்பிட்டிவரை ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. நஸ்ரின் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஃபரீனா வாசலுக்கே ஓடிவந்தாள். அவள் புத்தளத்துக்காரி, கல் வீட்டுப் பிள்ளை. முகாமில் விளையாடப் போகாதே என்று உம்மா அடிக்க அடிக்க எங்கள் கொட்டிலுக்கு வந்தவள். முகாமுக்கு நிவாரணமாக ஒரு கட்டுத் துணி வந்த வருடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பச்சையில் வெள்ளைப்பூச் சட்டை. ஃபரீனா தன் பட்டுச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு எனக்கும் அகதிச் சட்டைதான் வேணும் என்று புரண்டு அழுதாள். கடைசியில் என் உம்மா மிச்சத் துணியில் அவளுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தார். அன்றைய பெருநாளுக்கு மூன்று பேரும் ஒரே பச்சை. அந்த மாதிரித் துணியை மன்னார் பஸாரில் கண்டபோது, மீற்றர் முந்நூற்றிருபது என்றும் பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

அளவு கேட்டால் இரகசியம் போய்விடும் என்று ஞாபகத்திலிருந்தே வெட்டியிருந்தேன். என் தையலில் எனக்குள்ள திமிர் அது. நஸ்ரினுக்கு அளவாக இருந்தது. ஃபரீனாவுக்கு மார்புக்குக் கீழே இறங்க மறுத்தது. கைகளைத் தூக்கியபடி அவள் உள்ளே சிக்கிக்கொண்டு நின்றாள். துணிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"இது எந்த ஃபரீனாவுக்குத் தச்சீக்கிற? அவ மூணு புள்ள பெறுறத்துக்கு முந்தியே மௌத்தாகி மண்ணுக்குப் பெய்த்தாடி!"

சிரித்துச் சிரித்து நஸ்ரின் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். நோன்பு வாயோடு அப்படிச் சிரித்தால் நாக்கு வரண்டுபோகும். நான் கத்தரிக்கோலை எடுத்து இரண்டு பக்கத் தையலையும் பிரித்தேன். என் சால்வையிலிருந்து இரண்டு பட்டி வெட்டி விலாவில் வைக்கலாம். ஆனால் அது ஒரு பகல் வேலை.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், இறால் போட்ட கஞ்சி. பிறகு ஒரே சஹனில் சோறு. அந்தப் பெரிய தட்டைச் சுற்றி மூன்று பேரும் முழங்கால் முட்ட உட்கார்ந்து, அவரவர் பக்கத்தை அவரவர் தின்றோம். ஃபரீனா தன் பக்கத்து இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினாள். நான் நஸ்ரின் பக்கம் தள்ளினேன். அவள் பேசாமல் தின்றுவிட்டாள். முகாமிலும் இப்படித்தான், கடைசியில் நஸ்ரினுக்குத்தான் போகும்.

மறுநாள், இருபத்தொன்பது. விடியவே மருதோண்டி இலை ஆய்ந்து, தேசிக்காய்ச் சாறும் தேயிலைச் சாயமும் விட்டு அம்மியில் அரைத்தோம். கடையில் கோனில் அடைத்த மருதோண்டி நாற்பது ரூபாய்க்கு விற்கிறது. "அது மருந்து மணக்கும்" என்று நஸ்ரின் ஒற்றைக் காலில் நின்றாள். முற்றத்தில் பழைய வலை ஒன்றின்மேல் களப்பில் அள்ளிய கடற்பாசி காய்ந்துகொண்டிருந்தது. அள்ளும்போது கறுத்து நாறுமாம். கழுவிக் கழுவி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். அதை அவித்து வடித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் ஏலக்காயும் சேர்த்துத் தட்டில் ஊற்றி வைத்தாள் ஃபரீனா. உறைந்தால் வெட்டித் தின்னலாம். நோன்பு வாயோடு இனிப்புப் பார்ப்பது எப்படி? அவளுடைய நாலு வயதுக் கடைக்குட்டியைக் கூப்பிட்டு ஒரு கரண்டி கொடுத்தோம். "இன்னும் போடணும்," என்றது. மூன்று தடவையும் அதையே சொன்னது. நாலாந்தடவைதான் எங்களுக்குப் புத்தி வந்தது.

பதினொரு மணியளவில் கடலால் வந்த ஃபரீனாவின் கணவர் வாசலில் நின்று கால் கழுவியபடி சொன்னார்.

"மேல்கடல் முழுக்க முகில் அடச்சிக் கிடக்கு. இண்டைக்குப் பிறை காணவே காணாது. தங்கச்சி பயமில்லாம நிண்டுட்டு நாளைக்குப் போகலாம்."

அதுதான் தொடங்கியது. நஸ்ரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நில்லன்டி. முப்பதாகும். ஒரு முழு நாள் கிடைக்கும். உன்ட ரெண்டு கையும் போடுவன். ஃபரீனாட உடுப்பு முடியும். கடற்பாசி உறையும்."

"கண்டுட்டாங்க எண்டா?"

"பிறையை நம்பிப் புருசனைக் கைவிடாத," என்று ஃபரீனா பகிடி விட்டாள். ஆனால் அவளுடைய முகத்தில் பகிடி இல்லை.

வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மனதுக்குள் முகிலுக்குத் துஆக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாடே பிறை தெரிய வேண்டும் என்று கேட்கும் நாளில் நான் ஒருத்தி தெரியக் கூடாது என்று கேட்டேன். நாளைக்கு வரட்டா என்று கணவரிடம் கேட்டேன். "உன்ட இஷ்டம்," என்றார். நிற்க விரும்புகிற பெண்ணை வீட்டுக்கு இழுக்க இதைவிட நல்ல கயிறு இல்லை. அதற்குள் மகள் போனைப் பறித்துவிட்டாள்.

"உம்மா, என்ட பெருநாள் சட்டைக்கு நீங்க பொத்தான் வைக்கவே இல்ல."

மற்றவர்களுக்கு மூன்று சல்வார் தைத்த நான், என் பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் வைக்காமல் வந்திருக்கிறேன்.

"இந்தா வாறன் மகள்," என்றேன்.

கற்பிட்டியிலிருந்து பஸ் புறப்பட அரை மணித்தியாலம்தான் இருந்தது. நஸ்ரின் என் இடது கையை இழுத்து மடியில் வைத்து மருதோண்டி வைக்கத் தொடங்கினாள். உள்ளங்கை நடுவில் ஒரு பெரிய வட்டம், சுற்றிவர எட்டுப் பொட்டு, விரல் நுனிகளுக்குத் தொப்பி. அதே பழைய கோலம்.

"மற்றக் கை?"

"பஸ்ஸில பிடிக்கக் கை வேணாமா?" என்றாள். என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

ஃபரீனாவின் சல்வாருக்குப் பட்டிகளை வைத்து நூலோட்டி மட்டும்தான் விட்டுவந்தேன். கடற்பாசித் தட்டைச் சாய்த்துப் பார்த்தேன். இன்னும் ஆடியது.

புத்தளத்தில் இரண்டரை பஸ் கிடைத்தது. பெருநாள் சாமான்களோடு நிற்கவும் இடமில்லை. நான் இடது கையை விரித்து உயர்த்திப் பிடித்தபடி வலது கையால் கம்பியைப் பற்றி நின்றேன். "அந்தக் கையில யாரும் முட்டாதீங்கோ," என்று சத்தம் போட்டான் நேற்றைய கொண்டக்டர். ஒரு பெண் எழும்பி இடம் தந்தார். தில்லையடி இந்த வழியில் இல்லை என்பது நல்லதாய்ப் போயிற்று. பஸ் நகரம் தாண்டும்வரை நான் வெளியே பார்க்கவில்லை.

காட்டுக்குள் நுழைந்ததும் என் மனம் தலைகீழாகப் புரண்டது. இப்போது பிறை தெரிந்தே ஆகவேண்டும். தெரிந்தால்தான் நான் வந்தது சரி. தெரியாவிட்டால்? அதை யோசிக்கவே பயமாயிருந்தது. மருதோண்டி காய்ந்து மடியில் உதிரத் தொடங்கியிருந்தது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முந்தி வீடு வந்தேன். நோன்பு திறந்து தொழுததும் ஊரே குளக்கட்டில் ஏறியது. மகள் என் கையை முகர்ந்து பார்த்து, "மணக்குது உம்மா," என்றாள். மேற்குப் பக்கம் முழுக்க ஒரே சாம்பல். "அந்தா," என்று ஒரு பிள்ளை கத்தும், எல்லாரும் திரும்புவோம், ஒன்றும் இராது. அந்தக் குளக்கட்டில் என்னைப் போல் கழுத்தை நீட்டிப் பிறை தேடியவர் யாருமில்லை. என் மாமியார்கூட, "இவளுக்குப் பெருநாள் அவசரம்," என்று சிரித்தார்.

எட்டு மணியளவில் ரேடியோவில் சொன்னார்கள். நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை. நோன்பு முப்பதாகப் பூர்த்தி செய்யப்படும்.

பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டன. நான் குசினிக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் வந்து கதவடியில் நின்றார். "நான்தான் நிண்டிருக்கச் சொல்லியிருக்கணும்," என்றார். "இல்ல," என்றேன். அவர் என்ன செய்வார், பிறைக்கு என்ன தெரியும்.

அடுத்த நாள், முப்பது, மிக நீளமான நாள். பொத்தான் வைக்கக் கால் மணித்தியாலமும் போகவில்லை. பின்னேரம் ஃபரீனா எடுத்தாள். கடற்பாசி நன்றாக உறைந்துவிட்டதாம். நஸ்ரின் பக்கத்தில்தான் இருக்கிறாளாம்.

"ரெண்டு பேரும் மருதோண்டி போட்டுட்டீங்களா?"

"ஓம். மாறி மாறிப் போட்டம். அரச்சது மிஞ்சிட்டுடி, என்ன செய்யுறெண்டு தெரியல்ல. நீ தந்த சல்வாரை நூலோட்டினபடியே நாளைக்கு உடுப்பேன். கை தூக்காம நிண்டா யாருக்குத் தெரியப் போகுது?"

நஸ்ரின் போனை வாங்கவில்லை. தூரத்திலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது: "கிணத்துத் தண்ணி நல்லமாம், கேளு." பிறகு மூன்று பேருமே சிரித்தோம், அது சிரிப்பா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

பெருநாள் காலை. பச்சைச் சல்வாரை உடுத்துக்கொண்டு மாமியிடம் ஸலாம் கொடுக்கப் போனேன். அவர் என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். இடது கை கருஞ்சிவப்பாய்ச் சிவந்திருந்தது, வலது கை வெறுமையாய் இருந்தது.

"இதென்ன புள்ள, ஒரு கை மட்டும்?"

"நேரம் கிடைக்கல்ல மாமி," என்றேன்.

ஒரு முழு நாள் கிடைத்திருந்தது.