நானே அணைத்த ஆன்டிவைரஸ்

இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தபோது, கட்டிக்கொடுத்த அக்காவை அங்கேயே விட்டுவந்தோம். அம்மாவும் போனபின் குன்னூரில் நான் தனியாள். அம்மா பேசியதையெல்லாம் கணினியில் பதிந்து வைத்திருந்தேன். அக்காவைத் தேடி முகநூலில் எழுதியிருந்தேன்.

ஒருநாள், 'உங்கள் அக்காவின் படம்' என்று மின்னஞ்சல் வந்தது. இலவச ஆன்டிவைரஸ் அதைத் திறக்கவிடாமல் தடுத்தது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுத் திறந்தேன். படம் இல்லை, வைரஸ்தான் இருந்தது. அம்மாவின் குரல் மொத்தமும் போய்விட்டது.

கணினிக் கடைக்காரரிடம் கேட்டேன்: "காசு குடுத்து வாங்கியிருந்தா காப்பாத்தியிருக்குமாங்க?"

"ஏனுங்க, இதுவே சரியாத்தானுங்க தடுத்திருக்குது. நீங்களே அணைச்சுப்போட்டா, காசு குடுத்து வாங்குனதும் என்னங்க பண்ணும்?" என்றார் மெதுவாக.

உண்மைதான். எதை வாங்கியிருந்தாலும் அன்று அணைத்திருப்பேன். 'அக்கா' என்று வந்ததைத் திறக்காமலிருக்க என்னால் முடிந்திருக்காது.