நெவேனா கழற்றிய செயலி

நெவேனா கப்ரோவோவில் பிறந்தவள். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன ஊர். தலைநகர் சோஃபியாவில் படித்து, வீட்டுக் கணினி செய்யும் தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்து, அங்கேயே நரை கண்டவள். அலுவலகங்களின் கணக்கு நிரல்கள் அந்தக் கணினியில் ஓடாது. வேறு இனத்துச் செயலிக்கு, அதாவது கணினிக்கு மூளையான சிப்புக்கு, எழுதியவை. அந்த இனத்துச் செயலி ஒன்றை வைத்து, கணினியின் முதுகில் செருகுகிற பெட்டி ஒன்று செய்யும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

எந்தச் செயலி என்பதில்தான் சண்டை. கிழக்கு ஜெர்மனியில் செய்தது தாராளமாகக் கிடைக்கும், ஆனால் மந்தம். மேற்கிலிருந்து ஏற்றுமதித் தடையை மீறி யாரோ சூட்கேஸில் ஒளித்துக் கொண்டுவந்தது இரண்டு மடங்கு வேகம். நெவேனா வேகத்தின் பக்கம் நின்றாள்.

"கதவு திறந்திருந்தா வீட்டுச் சூடு வீணாகும்னு பூனை வாலை நறுக்குற ஊர்ல பொறந்துட்டு உனக்கு இப்படித் தாராளக் கையா" என்றான் கூட வேலை பார்த்த லூபென்.

"வால் நீளமா இருந்தா கதவைச் சாத்த நேரமாகும்னுதான் நறுக்குறோம். நாங்க வேகத்துக்குப் பொறந்தவங்கடா."

ப்ளோவ்திவ் கண்காட்சிக்குத் துணை அமைச்சர் வரவேண்டிய காலையில், வேகமான செயலி ஏறிய பெட்டியை ஓட்டியபோது திரையில் எண்கள் குழறத் தொடங்கின. அணைத்து ஆறவிட்டால் சரியாக ஓடியது. சூடேறினால் மறுபடி குழறல். லூபென் சிப்புகளை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"செயலி மேல தப்பில்ல. நம்ம நினைவகச் சிப்புதான் சூடானா அதோட ஓட முடியாம பின்தங்குது."

இயக்குநர் ராட்கோவ் குரலைத் தாழ்த்தினார். "வேகத்தைக் குறைச்சு வை. வெளிநாட்டுச் சிப்பு அப்படியே இருக்கட்டும். அதைக் காட்டத்தான் அவரை வரவழைச்சிருக்கேன்."

"அப்புறம் ஆர்டரும் அதுக்கே போடுவாங்க, தோழர். ஆயிரக்கணக்குல யாரு சூட்கேஸ்ல கொண்டுவருவாங்க?" என்றாள் நெவேனா.

"அது என் கவலை. சொன்னதைச் செய்."

அவர் விருந்தினரை வரவேற்கப் போனார். நெவேனா லூபெனிடம் கையை நீட்டினாள். "ஜெர்மன்காரனைக் குடு."

"இதை வேணாம்னுதானே குளிர்காலம் பூரா என்கூட மல்லுக்கட்டினே?"

"அப்புறமா சொல்லிக்காட்டு. இப்பக் குடு."

வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்புப் படிகத்தை மாற்றிவிட்டு ஜெர்மன் செயலியைச் செருகி அழுத்தும்போது அதன் கால் ஒன்று உள்ளே மடங்கியது. இடுக்கியால் நிமிர்த்தினாள், உடைந்தால் வேறு கைவசம் இல்லை. வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. மூடியைத் திருகாமலே பொருத்தினாள்.

விருந்தினர் முன் திரையில் கணக்கு அட்டவணை வரி வரியாக ஊர்ந்து வந்தது.

"தூங்குதா என்ன?" என்றார் துணை அமைச்சர். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ராட்கோவின் கழுத்து சிவந்தது.

நெவேனா முன்னால் வந்தாள். "மெதுவாத்தான் ஓடும், தோழர். வேகமானதை நான்தான் தேர்ந்தெடுத்தேன். காலையில அது தப்பாக் காட்டிச்சு, கழட்டிட்டேன். நீங்க கேக்குற அளவுக்கு அது கிடைக்கவும் செய்யாது."

அவர் தாமே சில எண்களைத் தட்டிவிட்டுக் காத்திருந்தார். கூட்டல் சரியாக வந்தது.

"ஓடிட்டே இருக்கட்டும். சாப்பிட்டு வந்து பார்க்கிறேன்."

கூடம் வெயிலில் வெந்தது. லூபென் வாங்கி வந்த பானிட்சாவை, அந்தப் பாலாடைக்கட்டி அடையை, ஓரமாக வைத்துவிட்டு அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணை அமைச்சர் திரும்பி வந்தபோதும் எண்கள் குழறவில்லை. உற்பத்திக்கு அங்கேயே ஒப்புக்கொண்டார்.

ராட்கோவ் அதன்பின் அவளோடு நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு வரவேண்டிய மாஸ்கோப் பயணம் லூபெனுக்குப் போயிற்று. இலையுதிர்காலத்தில் பெட்டிகள் கூட்டுறவுக் கடைகளின் கணக்கறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மெதுவாக இருக்கிறதென்று அங்கிருந்த பெண்கள் திட்டினார்கள். ஆனாலும் அதிலேயே கணக்குப் போட்டார்கள்.