இறக்கைக்கு அடியில் வைத்த பொட்டு

"…சாயம் இல்லலா என்சிக், கண்மை! புள்ளைங்களுக்கு வைப்போமே, அந்தப் பொட்டு. கண்ணு பட்டுரக்கூடாதுன்னு வச்சேன்" என்று பாதி மலாயும் பாதி தமிழுமாக அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். மலாய்க்கார நடுவர் அவருடைய வெள்ளைச் சேவலின் இறக்கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அடியில் கறுப்பாக ஒரு பொட்டு. இறகில் சாயம் பூசிய கோழி போட்டியில் சேராது என்பது விதி.

பீடோங் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அவர். கையுறைத் தொழிற்சாலையில் வேலை. விவசாயக் கண்காட்சிக்குக் கூண்டைத் தூக்கி வந்தவன் நான்.

இந்தக் கண்காட்சியின் கோழிப் போட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. நான் சின்னவனாக இருந்தபோது எடைதான் அழகு. ஊறவைத்த சோளத்தைக் கோழியின் தொண்டை முட்டத் திணித்துக்கொண்டு வருவார்கள். 'கிராணி வீட்டுக் கோழி தூங்கும்போதே எடை ஏறும்' என்று, எடைக்கணக்கு எழுதும் கிராணியைப் பற்றி ரப்பர்த் தோட்டத்தில் ஒரு பேச்சு. ஜெயித்த சேவல் அந்த வாரமே முனியாண்டி சாமிக்குப் பலியாகப் போய்விடும். தோற்றது இன்னும் ஒரு வருடம் கூவும். பிறகு முட்டைப் போட்டி வந்தது. யாரோ வாத்து முட்டையைச் சொருகிப் பிடிபட்டதும் நின்றது. இப்போது செராமா. உள்ளங்கையளவு சேவல், மேசைமேல் நெஞ்சை நிமிர்த்தி நடக்க வேண்டும். கறிக்கும் தேறாது, முட்டைக்கும் தேறாது. கோப்பை மட்டும் வருடத்துக்கு வருடம் பெரிதாகிறது.

அந்தக் கோப்பையை அக்கா இரண்டு முறை கோட்டை விட்டவர். இந்த முறையும் இல்லையென்றால் சேவல் சூப்புதான் என்று அவர் கணவர் வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தார். "தெனம் பேபி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுற. எனக்கு ஒருநாள் முதுகு தேச்சு விட்டிருக்கியா?" என்பது நான் அண்ணன் என்று கூப்பிடும் அவருடைய வழக்கு. அக்கா மையை எடுத்தார். பாதத்தில் வைத்தால் அழிந்துவிடும் என்று யோசித்துத்தான் இறக்கைக்கு அடியில் வைத்தார்.

"யாரோட கண்ணு?" என்று கேட்டார் நடுவர்.

அக்கா திரும்பிப் பின்னால் நின்ற கணவரைக் காட்டினார். "இவரு கண்ணுதான் என்சிக். ஒரு வாரமா சேவலச் சட்டிக் கறியப் பாக்குற மாதிரியே பாக்குறாரு."

கூட்டம் சிரித்தது. நடுவரும் சிரித்தார். தம் அம்மாவும் பிள்ளைகளுக்குக் கரி தடவியவர்தான் என்றார். அதே சிரித்த முகத்தோடு சேவலை மேசையிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டார். கோப்பை வேறொரு சேவலுக்குப் போனது. அது மேசை நடுவில் எச்சம் போட்டுவிட்டுத்தான் நெஞ்சையே நிமிர்த்தியது.

"சரிலா, போற வழியில இஞ்சி வாங்கிக்குவோம்" என்றார் அண்ணன்.

அக்கா நேரே பொரித்த கோழிக் கடைக்குப் போனார். பெரிய தொடையாகப் பார்த்து ஒன்று வாங்கி வந்து அண்ணன் கையில் திணித்தார். அவர் சூடு தாங்காமல் அதைக் கைமாற்றிக் கைமாற்றி ஊதிக்கொண்டிருக்கும்போதே, சேவலைத் துப்பட்டாவுக்குள் பொத்திக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்துவிட்டார்.