அதுக்கு வால், இதுக்கு றெக்கை

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். மகள் ஏழாவது படித்த வருஷம், தெற்கு மெக்சிகோவில் புதிதாகத் தொடங்கிய தொழிற்சாலைக்கு ஆட்களைப் பழக்க அவரை அனுப்பினார்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், எங்கள் கொய்யா மரத்தில் கட்டியிருந்த வலையில் ஒரு பழந்தின்னி வௌவால் சிக்கிக்கொண்டது. நரிக்குட்டி மாதிரி முகம், ஓயாத கத்தல். அவர் பழைய போர்வையை அதன்மேல் போட்டுப் பிடித்து, வலையைக் கண்ணி கண்ணியாக வெட்டினார். விரிந்த றெக்கையைப் பார்த்து, "இவ்ளோ மெல்லிசா ஒரு தோல நான் பாத்ததே இல்ல" என்றார். கிளையில் தொற்றவிட்டோம். பகலெல்லாம் தொங்கிக் கிடந்துவிட்டு சாயங்காலம் பறந்துபோனது.

அவருக்கு இருட்டும்போது எங்களுக்கு விடியும். நான் இட்லி ஊற்றும் நேரத்தில்தான் போன் வரும். ஒருநாள் வீடியோ காலில், தங்கியிருந்த வீட்டின் பின்பக்க மரத்தைக் காட்டினார். தேன் நிறத்தில் ஒரு விலங்கு, வாலைக் கிளையில் சுற்றித் தலைகீழாகத் தொங்கியபடி, இரண்டு கையாலும் பழத்தைப் பிடித்துத் தின்றது.

"அப்பா, நம்ம வௌவாலு!" என்று கத்தினாள் மகள்.

"வௌவால் இல்லடி. கிங்கஜுன்னு பேராம். ரக்கூனுக்குச் சொந்தம்."

"றெக்கை எங்கப்பா?"

"இதுக்கு ஏது றெக்கை? மரத்துக்கு மரம் ஏறித்தான் போவும். நம்மது கால்ல தொங்கும், இது வால்ல."

"ரெண்டும் இருட்டினாதான் வருது, ரெண்டும் பழம் திருடுது" என்றேன் நான்.

சிரித்தார். பிறகு, "இதப் பாத்தா வீட்டு ஞாபகம் ஜாஸ்தியா வருது" என்றார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "சாப்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அதன்பிறகு தினமும் அதே பேச்சுத்தான். அங்கே அது தூங்கி எழும் நேரத்தில் இங்கே வௌவால்கள் ஏரிக்கரை ஆலமரத்துக்குத் தூங்கத் திரும்பும். "பூவுக்குள்ள நாக்க வுட்டுத் தேன் குடிக்குது" என்பார் அவர். "இன்னா பெரிய அதிசயம்? நம்மதும் இலவம்பூவுல குடிக்குதே" என்பாள் மகள், விட்டுக்கொடுக்காமல்.

அவர் திரும்பி வந்து சில வருஷம் ஆகிவிட்டது. மகள் இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள். நானும் அவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். கரண்ட் பில், கேஸ் சிலிண்டரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சண்டையொன்றும் இல்லை. ஆனால் அவர் உலகத்தின் அந்தக் கோடியில் இருந்தபோது நாங்கள் பேசிய அளவுக்கு அதற்கு முன்னும் பேசினதில்லை, பின்னும் இல்லை.