முகக்கம்பி

டெக்சஸில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர்களின் தலைக்கவசத்தை வடிவமைப்பவள் வெர்லீன். கவசத்தைக் கழற்றாமல், பொத்தானை அழுத்தி, முகத்துக்கு முன்னால் இருக்கும் முகக்கம்பியை மட்டும் எடுக்கும்படி புதிதாகச் செய்திருந்தாள். உள்ளூர்ப் பள்ளி அணி அதை முதன்முதலாக அணிந்து ஆடிய அன்று, அந்த அணிப் பையன் கோர்டெல் எதிரணிக்காரனோடு மோதி விழுந்தான்; எழவில்லை.

அவன் அப்பா கவசத்தை இழுக்கப் போனார்.

"தொடாதீங்க! கழுத்து அசைஞ்சா போச்சு!" என்று ஓடி வந்தாள் வெர்லீன்.

"மூச்சு முட்டுதே வெர்லீன்!"

பொத்தானை அழுத்தினாள். கம்பி அசையவில்லை. மறுபடி பலங்கொண்டு அழுத்தினாள். கம்பி கையோடு வந்தது. கோர்டெல் வாய் திறந்து மூச்சை இழுத்தான்.

"என் விரலைப் பிடிடா ராசா" என்றாள், கை அசைகிறதா என்று பார்க்க.

மெல்லப் பிடித்தான். ஆம்புலன்ஸ் போன பிறகும் அவள் கையிலிருந்த கம்பியையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள பொழைச்சிட்டான், அப்புறமென்ன பயம்?" என்றார் பயிற்சியாளர்.

"முதல் தடவை சிக்கிச்சே" என்றவள், எல்லாக் கவசங்களையும் திரும்ப வாங்கிக்கொண்டாள்.